புது ஊசி என்றால் ஏன் யோசிக்கிறார்கள்?

மட்டக்களப்புப் பக்கம், காத்தான்குடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு தாயிடம், பிள்ளைக்கு இரண்டாம் மாத ஊசி போட்டாச்சா என்று கேட்டுப் பாருங்கள். அலுமாரியில் பத்திரமாக வைத்த கிளினிக் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டுவார். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. பிறந்ததும் காசநோய்க்குப் பி.சி.ஜி., இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசியும் போலியோ சொட்டும், ஒன்பதாம் மாதம் சின்னமுத்து (தட்டம்மை) உள்ளிட்ட மூன்று நோய்களுக்கு எம்.எம்.ஆர்., ஒரு வயதில் யப்பான் மூளைக்காய்ச்சல் ஊசி. ஒன்றும் தப்பியிருக்காது. அதே தாயிடம், ஆறாம் ஆண்டு படிக்கும் மூத்த மகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி போடப்போவதாகப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்ததே, என்ன முடிவு என்று கேளுங்கள். "அது என்னமோ புதுசாம். இவட அப்பாட்டக் கேட்டுத்தான் சொல்ல ஏலும்."

ஒரே வீடு, ஒரே தாய், ஊசி போட வருவதும் அதே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. பழைய ஊசிக்கு ஒரு கேள்வியும் இல்லை, புதியதற்கு ஆயிரம் கேள்வி. பொதுச் சுகாதாரத் துறையில் இதைத் தடுப்பூசித் தயக்கம் என்கிறார்கள். ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதைத் தள்ளிப்போடுவது அல்லது வேண்டாம் என்பது. உலகச் சுகாதார நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழுவின் வரையறை ஏறக்குறைய இவ்வளவுதான். 2019இல் அந்த நிறுவனம் உலக ஆரோக்கியத்தை அச்சுறுத்தும் பத்து விஷயங்களைப் பட்டியலிட்டபோது இதையும் அதில் சேர்த்தது. கொரோனா என்ற பேரையே நாம் கேள்விப்படாத காலம் அது.

வரையறையில் இருக்கும் "தள்ளிப்போடுவது" என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊசி போடாதவர் என்றதும் தடுப்பூசியே சதி என்று முகநூலில் எழுதுகிற ஆள்தான் நம் நினைவுக்கு வருகிறார். அப்படி அடியோடு மறுப்பவர்கள் எந்த ஊரிலும் மிகக் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் போடுகிறவர்கள் ஒரு கரை, அடியோடு மறுப்பவர்கள் மறுகரை என்றால், நடுவில்தான் பெரும் கூட்டம் நிற்கிறது. பயந்துகொண்டே போட்டவர்கள், ஒன்றைப் போட்டு ஒன்றை விட்டவர்கள், பக்கத்து வீட்டாருக்கு என்ன ஆகிறது என்று பார்த்திருப்பவர்கள், "மறுகா (பிறகு) போடுறன் மிஸ்" என்று மருத்துவிச்சியிடம் சொல்லிவிட்டு வராமல் போனவர்கள். இவர்கள் யாரும் தடுப்பூசிக்கு எதிரிகள் இல்லை. இவர்களை எதிரியாக நடத்தினால்தான் எதிரியாவார்கள்.

தயக்கத்துக்கான காரணங்களை அந்த நிபுணர் குழு மூன்றாகப் பிரித்தது: நம்பிக்கைக் குறைவு, அலட்சியம், வசதியின்மை. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவைதான். ஆனாலும் ஒருவர் ஏன் தயங்குகிறார் என்று விளங்கிக்கொள்ள இந்தப் பிரிப்பு நன்றாகவே உதவுகிறது.

வசதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் நாட்கூலிக்குப் போகிற ஒருவருக்கு, வேலையை விட்டு, பஸ் பிடித்து, வரிசையில் நின்று வருவது ஒரு நாள் சம்பளம். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதை (மிதவைப் படகு) ஏறி வாவியைக் கடந்து வர வேண்டியவருக்கு அரை நாள் வழியிலேயே போய்விடும். மாரியில் வெள்ளம் வந்தால் சொல்லவே வேண்டாம். இவர் ஊசி போடவில்லை என்றால் அதில் கொள்கை ஏதும் இல்லை. ஊசியைக் கிராமத்துக்குக் கொண்டு போனால் போட்டுக்கொள்வார். இதை விளங்காமல் இவருக்கு விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரம் கொடுப்பது வீண் வேலை.

அலட்சியம் என்பது கொஞ்சம் வேறு கதை. நோய் கண்ணுக்குத் தெரியாதபோது ஊசி தேவையில்லாததாகத் தெரிகிறது. நம் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கு முடிவில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடுகிறோம். அம்மை வீடு வீடாக ஆளை எடுத்த காலத்தில் அந்தக் குளிர்த்திக்கு இருந்த அவசரம் இன்று பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் விளங்காது. பெரியம்மை 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அதைச் செய்தது அம்மைப்பால் குத்தியதுதான். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் கண்டறியப்பட்டார். இன்று முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு தாய், சூம்பிய காலோடு நடக்கும் பிள்ளையை ஊரில் கண்டிருக்க மாட்டார். ஊசியின் வெற்றியே ஊசியின் தேவையை மறைத்துவிடுகிறது.

கொரோனாவில் இதைச் சில மாதங்களுக்குள்ளேயே கண்ணால் கண்டோம். நாடு முழுவதும் முதல் ஊசி போட்டவர்கள் சுமார் 1 கோடி 70 இலட்சம் பேர். மூன்றாவது ஊசிக்கு வந்தவர்கள் அதில் ஏறக்குறையப் பாதிதான். ஆட்கள் மாறவில்லை. நோய்ப் பயம் குறைந்துவிட்டது. ஆனால் நோய் நாம் மறந்ததும் தானும் மறந்துவிடுவதில்லை. சின்னமுத்தை ஒழித்த நாடு என்று இலங்கை 2019இல் சான்று பெற்றது. 2023இல் அது திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ஒன்பது மாதம் ஆகாத குழந்தைகளுக்கும் மேலதிகமாக ஓர் ஊசி கொடுக்க ஒன்பது பகுதிகளைத் தெரிவு செய்தபோது அதில் கல்முனையும் இருந்தது. சின்னமுத்து மிக வேகமாகப் பரவும். நோய் எதிர்ப்பு இல்லாத ஊரில் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றும். அதனால்தான் நூற்றுக்கு 95 பேராவது ஊசி போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். பத்து வீட்டில் ஒரு வீடு விட்டுப்போனாலே அது நுழைந்துவிடும்.

மூன்றாவது நம்பிக்கை. புது ஊசி விஷயத்தில் எல்லாம் வந்து முட்டுகிற இடம் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். நம்பிக்கை என்றதும் மருந்தின் மீதான நம்பிக்கை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது மூன்று அடுக்கு. மருந்து பாதுகாப்பானதா என்பது ஒன்று. அதைப் போடுகிற ஆளுக்கு என் மேல் அக்கறை உண்டா என்பது இரண்டு. அதைக் கொண்டுவந்த அரசு என் நன்மைக்காகத்தான் கொண்டுவந்ததா என்பது மூன்று. மருந்துக்குள் என்ன இருக்கிறது என்பதை நாம் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. ஆகவே இரண்டாவதையும் மூன்றாவதையும் வைத்துத்தான் முதலாவதை எடைபோடுகிறோம். சில்லறைக் கடைக் கொப்பியில் பழைய கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் புதுச் சாமான் கடனாகக் கிடைக்கும், அதுபோல.

நம் பகுதியில் அந்தப் பழைய கணக்கு எப்படி இருந்தது என்று பார்ப்போம். நல்ல பக்கம் மிகப் பெரியது. குடும்பநல மருத்துவிச்சி, நாம் "மிஸ்" என்று கூப்பிடுகிறவர், கருத்தரித்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்து போகிறார். பிள்ளையை நிறுக்கிறார், தாய்ப்பால் போதுமா என்று கேட்கிறார், மாமியோடும் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார். இரண்டாம் மாதம் அவர் ஊசி என்றால் ஊசி. யுத்த காலத்தில்கூட இது முற்றாக நின்றதில்லை. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து, போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களுக்காக அரச படையும் புலிகளும் சண்டையை நிறுத்தினார்கள். யுனிசெப் நடுவில் நின்று பேசிய ஏற்பாடு அது. ஒருவரையொருவர் துளியும் நம்பாத இரண்டு தரப்பும், பிள்ளையின் வாயில் விழும் இரண்டு சொட்டை நம்பின. நம் தேசிய நோய்த்தடுப்புத் திட்டம் 1978இல் தொடங்கியது. இன்று எந்தத் தாயும் கேள்வி கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறார் என்றால், அதற்குப் பின்னால் இத்தனை வருட உழைப்பு இருக்கிறது.

இனிக் கெட்ட பக்கம். 2020 ஏப்ரலில், கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் வந்தது. முஸ்லிம்களுக்கு ஜனாஸாவை (இறந்தவர் உடலை) எரிப்பது எவ்வளவு பெரிய வலி என்று காத்தான்குடிக்கும் அக்கரைப்பற்றுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பிறந்து இருபது நாளான குழந்தையையும் எரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா என்று எழுதி எரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் காய்ச்சலை வீட்டுக்குள் மறைத்தவர்களை எனக்குத் தெரியும். இப்போது தேதிகளைப் பாருங்கள். இலங்கையில் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியது 2021 ஜனவரி 29. புதைக்க அனுமதித்து வர்த்தமானி வந்தது பெப்ரவரி 25. மார்ச் 5இல்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸா அடக்கப்பட்டது. பிறகு நாடு முழுவதிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மண்ணில் கிடக்கிறார்கள்.

அதாவது, "உங்கள் நன்மைக்காக ஊசி போடுங்கள்" என்று அரசு முதன்முதலில் சொன்ன நாளில், அதே அரசு "விஞ்ஞானப்படி உங்கள் உடலை எரிக்க வேண்டும்" என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒரே சுகாதார அமைச்சு. அந்த நேரத்தில் ஒரு வாப்பா ஊசிக்கு யோசித்தார் என்றால் அதை அறியாமை என்று சொல்ல என்னால் முடியாது. பொய்யான விஞ்ஞானத்தை ஒருமுறை கேட்டவர் அடுத்ததையும் சந்தேகிப்பார். 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்கு மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நல்ல விஷயம்தான், ஆனால் ஊசிக்கு வரிசை நின்ற காலம் முடிந்து வருடங்கள் ஆகியிருந்தன.

இத்தனைக்கும் பிறகு நம் பகுதி மக்கள் பெருமளவில் ஊசி போட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. அதைச் செய்தது கொழும்பிலிருந்து வந்த விளம்பரம் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தவர்கள், கோயில் நிர்வாகத்தார், வீட்டு வாசலில் வந்து நின்ற பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்), மிஸ்மார். ஊசியில் பன்றி ஜெலற்றின் இருக்கிறதா என்று கேட்டவருக்கு, நம் நாட்டில் அதிகம் போட்ட சினோபாமில் ஜெலற்றினே இல்லை என்று நேரடியாகப் பதில் சொன்ன இடங்களில் பேச்சு அத்தோடு முடிந்தது. "இதெல்லாம் கேக்கிற கேள்வியா" என்று ஏசிய இடங்களில் கேள்வி வட்ஸ்அப்புக்குப் போனது. அங்கே அதற்கு வேறு பதில் கிடைத்தது.

எல்லாத் தயக்கமும் பயத்தால் வந்ததும் இல்லை. சினோபாம் போட்டால் சவூதி ஏற்குமா, பைசர் வரும்வரை காத்திருக்கட்டுமா என்று கல்முனையில் யோசித்த இளைஞர்கள் எத்தனை பேர். சவூதி ஆரம்பத்தில் அந்த ஊசியை ஏற்கவில்லை என்பது உண்மை. பிறகுதான், தாங்கள் ஏற்ற இன்னோர் ஊசியை மேலதிகமாகப் போட்டால் சரி என்றார்கள். குடும்பமே வெளிநாட்டுச் சம்பளத்தில் ஓடும்போது இது நியாயமான கணக்கு.

இனி எச்.பி.வி. ஊசிக்கு வருவோம், இப்போது வீடுகளில் அதிகம் பேசப்படுவது இதுதான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க, 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு இலங்கை முழுவதும் பள்ளிக்கூடத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். இந்தப் புற்றுநோயில் பத்தில் ஏழு பங்கு எச்.பி.வி. கிருமியின் இரண்டே இரண்டு வகைகளால் வருகிறது. ஊசிக்குள் உயிருள்ள கிருமி கிடையாது, அதன் வெளி ஓடு மாதிரி செய்த புரதம் மட்டும்தான். இங்கிலாந்தில் 12, 13 வயதில் இதைப் போட்ட பெண்களில் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. புற்றுநோயைத் தடுக்கிற ஊசி நம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைப்பது எவ்வளவு பெரிய கொடை என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் கடிதம் வீட்டுக்கு வரும் வயதைக் கவனியுங்கள். பத்து, பதினொன்று. பிள்ளை பெரியபிள்ளையாகப் போகிற வயது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அம்மம்மா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டா: "கர்ப்பப்பைக்கு ஊசியாம். குமராகாத புள்ளைக்கு ஏன் இது? நாளைக்குக் குழந்தை தங்காட்டி ஆரு பொறுப்பு?" அவ கேட்டதெல்லாம் நியாயமானவை. இந்தக் கிருமி உடலுறவால் தொற்றுவது. அது தொற்றுவதற்குப் பல வருடம் முந்தியே போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும், சின்ன வயதில் உடல் நன்றாக எதிர்ப்பும் கொடுக்கும், அதனால்தான் இந்த வயது. ஊசி மேல்கையில் போடப்படுகிறது, கருப்பையை அது தொடுவதே இல்லை. 2006இலிருந்து உலகத்தில் கோடிக்கணக்கான பெண்கள் போட்டிருக்கிறார்கள், பிள்ளை பெறுவதில் அது குறுக்கிட்டதாக எந்த நாட்டுக் கண்காணிப்பிலும் தெரியவரவில்லை. இவ்வளவையும் அந்த அம்மம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து சொல்ல ஐந்து நிமிடம் போதும். கடிதத்தில் அந்த ஐந்து நிமிடம் இல்லை.

இங்கே இன்னொரு சங்கதியும் உண்டு. வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடம் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது சாதாரணம். ஊசி போடாவிட்டாலும் அப்படித்தான். ஆனால் ஊசி போட்ட வருடத்தில் அது நடந்தால் பழி ஊசிக்கு. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததாலேயே முதலாவதால்தான் இரண்டாவது வந்தது என்று மனம் முடிச்சுப் போட்டுவிடும். தடுப்பூசி பற்றிய வதந்திகளில் பல இந்த முடிச்சிலிருந்து பிறப்பவை.

அந்த முடிச்சை அவிழ்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. புது ஊசியை முதலில் சில பத்துப் பேரிலும், பிறகு சில நூறு பேரிலும், அப்புறம் ஆயிரக்கணக்கானவர்களிலும் சோதிக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் பாதிப் பேருக்கு உண்மையான ஊசி, மறுபாதிக்கு வேறு ஊசி அல்லது மருந்தே இல்லாத திரவம். இரண்டு கூட்டத்திலும் தலைவலியும் காய்ச்சலும் எத்தனை பேருக்கு வந்தன என்று ஒப்பிட்டால்தான் எது ஊசியால் வந்தது, எது தானாக வந்தது என்று தெரியும். இலங்கைக்குள் வர தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். வந்த பிறகும் கண்காணிப்பு நிற்காது, ஏனென்றால் இலட்சத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவு முப்பதாயிரம் பேரில் சோதித்தால் தெரியாமல் போகலாம். அஸ்ட்ராசெனகா ஊசியில் இலட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வந்த இரத்த உறைவு அப்படித்தான், கோடிக்கணக்கானவர்கள் போட்ட பிறகு தெரியவந்தது. தெரிந்ததும் பல நாடுகள் வயது குறைந்தவர்களுக்கு அதை நிறுத்தின. ஊசிக்குப் பிறகு இருபது நிமிடமாவது அங்கேயே இருக்கச் சொல்வது இன்னோர் அபூர்வப் பக்கவிளைவுக்காக. கடும் ஒவ்வாமை சுமார் பத்து இலட்சத்தில் ஒருவருக்கு வரலாம், வந்தால் உடனே மருந்து கொடுக்கலாம்.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. இரண்டாம் மாதம் போடும் ஐந்து நோய்க் கூட்டூசி 2008 ஜனவரியில் அறிமுகமானது. ஊசிக்குப் பின் சில குழந்தைகள் இறந்ததாகத் தகவல் வரவே, சில மாதத்துக்குள் அரசு அதை நிறுத்தியது. வெளிநாட்டு நிபுணர்களும் சேர்ந்து ஆராய்ந்த பிறகு 2010இல் மறுபடி தொடங்கினார்கள். அன்று பயத்தோடு பார்த்த அதே புது ஊசியைத்தான் இன்று கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன தாய் யோசிக்காமல் போடுகிறார். பிரச்சினை வந்தபோது மூடி மறைக்காமல் நிறுத்தி ஆராய்ந்தது, நம்பிக்கையைக் கெடுக்கவில்லை, காப்பாற்றியது.

ஆகவே வீட்டில் ஒருவர் புது ஊசிக்குத் தயங்கினால், முதலில் எந்தத் தயக்கம் என்று கேட்டறியுங்கள். போய்வர வழியில்லையா, நோயே இல்லையே என்கிறாரா, மருந்தில் சந்தேகமா, அல்லது அரசின் மேல் கோபமா. ஒன்றுக்கு உரிய பதிலை இன்னொன்றுக்குச் சொன்னால் எடுபடாது. தயங்குகிறவர் நீங்களே என்றால், மிஸ்ஸிடமோ டொக்டரிடமோ கேட்க நாலு கேள்வி போதும்: இது எந்த நோய்க்கு, எத்தனை வருடமாகப் பாவனையில் இருக்கிறது, சாதாரணமாக என்ன பக்கவிளைவு வரும், எது வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒவ்வாமை ஏதும் முன்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம், தேதி தவறவிட்டவர்களுக்கு. மறுகா போடுறன் என்று சொல்லிவிட்டு மாதங்கள் ஓடிவிட்டன, இப்போது போனால் மிஸ் ஏசுவா என்று தயங்கி வீட்டோடு இருப்பவர்கள் பலர். பெரும்பாலான ஊசிகளில் தவறிய இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் ஊசி நாளன்று மகள் போகவில்லை என்றால் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். போகும்போது கிளினிக் புத்தகத்தை மறக்காமல் கொண்டு போங்கள்.